அப்புச்சி போயிட்டாருங்க

வார்டன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்று ஒரு பெண்ணிடம் எப்படி மேடம் சொல்வது என்று. நான் காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் சொல்ல ஆரம்பித்தால் துளசிமணியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

சாம்பாரில் உப்பில்லை என்று பெண்கள் தட்டைத் தட்டுவதும், மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோவதும், மணி அடித்த பிறகு சுவரேறி வருவதும் உங்களுக்குத் தானாகப் பழகிவிடும். அதைச் சொல்லிக்கொடுக்க நான் தேவையில்லை. சில நாட்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நம்மை உறைய வைத்துவிடும். அந்த நாட்களுக்கு யாரும் பயிற்சி தருவதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதியில் இரண்டு கட்டடங்கள், இரண்டு வார்டன்கள். ஒரு கட்டடம் எனக்கு. இன்னொன்று என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு அம்மாளுக்கு. காரைக்குடிப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், உயிரோடு இருந்தால் இதை எழுதவே விட்டிருக்க மாட்டார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இருவரும் விடுதியிலேயே குடியிருந்தோம், ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம், ஓயாமல் சண்டை போட்டோம்.

அக்கா பொய் சொல்ல மாட்டார், பிறர் சொன்னாலும் பொறுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண்களைப் பார்க்க வருகிறவர்களை வாசலில் நிறுத்தி அவர் விசாரிக்கும் அழகே தனி. எங்கள் கொங்கு நாட்டில் மாமன் என்றால் அம்மாவின் தம்பியாக இருக்கலாம், அத்தையின் வீட்டுக்காரராக இருக்கலாம், நாளைக்குத் தாலி கட்டப்போகிறவராகவும் இருக்கலாம். ஒருவர் வந்து, "நாந்தானுங்க பொண்ணோட மாமன்" என்றால் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எந்த மாமன்? தெளிவாச் சொல்லுங்க" என்பார். ஒருநாள் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த மாமன்னு கேட்டா என்னத்தச் சொல்றதுங்க? நா ஒரே மாமந்தானுங்க" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

துளசிமணி என் கட்டடத்துப் பெண். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பாடத்தில் கடைசி வருடம். ஊர் மங்கலம், அப்பாவுக்கு அங்கே தறிக்குடோன். மங்கலத்திலிருந்து திருப்பூருக்கு பஸ்ஸில் வந்துபோவதே சுலபம், அப்படித்தான் இரண்டு வருடம் வந்துபோனாள். கடைசி வருடத்தில் திடீரென்று விடுதியில் சேர்ந்தாள். சேர்க்க வந்தவர் அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தா, ஊத்துக்குளிக்காரர். எருமைகள் வைத்து வெண்ணெய் வியாபாரம் செய்கிறவர். முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்து, "பரீச்ச முடியற வரைக்கும் என்னயத் தவுத்து யாரு வந்து கூப்புட்டாலும் இவள அனுப்பாதீங்க சாமி" என்றார். வயசானவர்கள் எல்லாரும் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அப்புறம் அவர் வரவில்லை. அவ்வப்போது ஆள் மூலம் ஒரு தூக்குப்போசியில் வெண்ணெய் மட்டும் வரும்.

பரீட்சைக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் துளசிமணி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். தட்டில் போட்டதைப் பிசைந்து அளைந்துவிட்டு எழுந்து போவாள். பரீட்சைப் பயம் என்று நினைத்தோம். நிறையப் பெண்கள் அப்படித்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடியப்போகும் வேளை. நான் மளிகை அறையில் பருப்பு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"துளசிமணியோட அப்பா இறந்துட்டாகளாம். இப்பத்தான் போன் வந்துச்சு. தாத்தா கார் எடுத்துக்கிட்டு வர்றாகளாம், ரெடியா இருக்கச் சொன்னாக."

"ஐயோ! அவகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அழுகறாளா?"

அக்கா அரிசி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். "சோறு கேட்டாடி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது இதுதான். அறைக்குப் போய் துளசிமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மனதைத் தேற்றிக்கொள், அப்பா தவறிவிட்டார், தாத்தா வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அவள் கொஞ்ச நேரம் அக்காவின் வாயையே பார்த்திருக்கிறாள். பிறகு, "தாத்தாவே வர்றாங்களா மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றதும், "மெஸ்ல சோறு இருக்குமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் பிணத்தை எடுக்கும்வரை அடுப்பு எரியாது. பங்காளி வீட்டில்கூட பிள்ளைகளுக்குத் தவிர யாருக்கும் வாயில் ஒன்றும் படாது. பெற்ற அப்பன் செத்தான் என்று கேட்டு ஒரு பெண் சோற்றுத் தட்டின் முன்னால் போய் உட்காருவாள் என்பதை நான் அதுவரை கேட்டதும் இல்லை, கற்பனை செய்ததும் இல்லை.

மெஸ்ஸுக்கு ஓடினேன். அவள் தோழிகள் சுற்றி நின்று தேம்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பைத்தியம் பிடித்தவள் மாதிரி இல்லை. நன்றாகப் பசித்தவள் மாதிரி, நிதானமாக, சாம்பாரை முடித்துவிட்டு ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டு. நான் பெண்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெய்யாகச் சொல்கிறேன், அந்தப் பெண்ணைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

"கண்ணு, உனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லீங் மிஸ். இனி அந்தக் கல்யாணம் நடக்காதுங்களே?"

"எந்தக் கல்யாணம்?"

அப்போதுதான் சொன்னாள். அவள் அப்பாவின் அக்கா மகன், தறிக்குடோனை மேற்பார்க்கிறவர், முதல் மனைவியை இழந்தவர், கிட்டத்தட்ட அப்பா வயது. உரிமை விட்டுப்போகக் கூடாது என்று அப்பா அவருக்குப் பேசி முடித்துவிட்டார். படிப்பை நிறுத்தி அப்போதே கட்டிவைப்பதாக இருந்தது. தாத்தா போய்ச் சண்டை போட்டு, பரீட்சை முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிப் பேத்தியைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டிருக்கிறார். பரீட்சை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சை முடிந்தால் தாலி.

"அப்புச்சி வந்தாருன்னா இனி ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மிஸ். நா பாவிங்களா? அழுகையே வரமாட்டேங்குதுங்க. பசிக்குதுங்க."

பாவி என்பதா, இல்லை என்பதா? "சாப்புடு" என்றேன்.

வாசலில் கார் சத்தம் கேட்டது. நானும் அக்காவும் முன்கட்டுக்குப் போனோம். முட்டி வலிக்காரப் பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டுமே என்று நான் வேகமாக நடந்தேன். காரிலிருந்து ஒரு நரைமுடிகூட இல்லாத ஒருவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, கசங்கிய சட்டை, சிவந்த கண்.

"துளசிமணியக் கூப்புடுங்க. நா அவ அய்யனுங்க."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க தாத்தாவா?"

"தாத்தாவா? ஏனுங்க, அவளப் பெத்தவனுங்க நானு. போயிட்டது என்ற மாமனாருங்க. அவளோட அப்புச்சி. ஊத்துக்குளியிலிருந்து போன் பண்ணிச் சொன்னாங்களேங்க?"

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியின் வலி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் புரியவில்லை.

போனில் பேசிய, தாத்தாவின் வெண்ணெய்க்கடை ஆள் கொங்குத் தமிழில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். "அப்புச்சி போயிட்டாருங்க, அய்யன் கார் எடுத்துட்டு வர்றாருங்க." எங்களுக்கு அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. அய்யன் என்றால் அப்பா. அக்காவின் வீட்டில் அப்பாவைக் கூப்பிடுவது அப்பச்சி. தாத்தாவைக் கூப்பிடுவது ஐயா. கரகரவென்ற இரைச்சலில் வந்த அந்த ஒரு வரியை அவர் தன் வீட்டுக் காதால் கேட்டிருக்கிறார். செத்தவர் பிழைத்துவிட்டார், பிழைத்திருந்தவர் செத்துவிட்டார். அந்தப் பெண்ணிடமும் அப்பா, தாத்தா என்ற பொதுச் சொற்களில் சொன்னதால் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. எந்த மாமன் என்று ஒவ்வொருவரையும் குடைந்தெடுத்த அக்கா, எந்த அப்பச்சி என்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். சாவு என்று காதில் விழுந்ததும் நாம் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை என்று தோன்றுகிறது. அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது. நீங்கள் கேளுங்கள் பிள்ளைகளே. செத்தவர் பேர் என்ன, இந்தப் பெண் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவாள், அவள் அம்மாவுக்கு அவர் என்ன வேண்டும் என்று மூன்று தடவை கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவர் வைதாலும் வையட்டும். இப்போது எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள், உங்களுக்கு இந்த ஆபத்து எங்களைவிட அதிகம்.

நான் முதலில் அந்தப் பெண்ணிடம் போக வேண்டும் என்று நினைத்தேன். அவள் அப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதற்குள் நான் போய்ச் சொல்லி, அந்தத் தட்டை எடுத்துவிட வேண்டும். ஆனால் அக்காவுக்குத்தான் மறைக்கத் தெரியாதே. விஷயம் புரிந்த மறுகணமே சொல்லிவிட்டார்.

"எங்கமேலதான் தப்பு. இறந்தது நீங்கன்னு உங்க மகள்ட்டச் சொல்லிட்டோம்."

அவர் ஒரு அடி பின்னால் போனார். கார்க் கதவில் கையை ஊன்றிக்கொண்டார். என்ன பேச்சு இது என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"அவ என்ன பண்ணுனாளுங்க?"

அக்கா தரையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "அழுதாங்க. தாங்க முடியாம அழுதாங்க."

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஏதோ இளகியது. "எங்க இருக்கறா?" என்று கேட்டபடியே நடந்தார். மெஸ் எதிரில்தான் இருந்தது. "இருங்க, நா கூட்டிட்டு வர்றேன்" என்று நான் பின்னாலேயே ஓடினேன். ஆனால் மகளுக்கு ஆறுதல் சொல்லப் போகிற அப்பனின் வேகம் எனக்கு எங்கே வரும்?

காலடிச் சத்தம் கேட்டு உள்ளே துளசிமணி எழுந்தாள். ரசமும் சோறுமாக இருந்த கையோடு, வாய் நிறைய, "அப்புச்சி! வந்துட்டீங்களா அப்புச்சி!" என்று திரும்பினாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் அந்த வருடம் முழுக்க நான் பார்த்ததில்லை.

வாசற்படியில் அவள் அப்பா நின்றார்.

சிரிப்பு போன விதத்தை என்னால் எழுத முடியாது. அவள் பேயைப் பார்த்தவள்போல் கத்தவும் இல்லை, அப்பனிடம் ஓடிவரவும் இல்லை. கையைத் தாவணிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். தட்டில் இரண்டாம் தரம் போட்ட சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அப்புச்சி போயிட்டாரு அம்மணி" என்றார்.

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையில் மேல்மாடிப் பெண்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். அக்காதான் அவள் கையைக் கழுவிவிட்டு, முகத்தைத் துடைத்து, மாற்றுத் தாவணி கட்டிவிட்டார்.

நான் அவள் அப்பாவை வழிமறித்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. "பரீச்சைக்கு முன்னால தன்னைத் தவிர யார் கூப்பிட்டாலும் அனுப்பக் கூடாதுன்னு பெரியவர் சொல்லியிருக்காருங்க" என்றேன்.

"இப்ப அவருதானுங்க கூப்புடறாரு. அனுப்பறீங்களா, மாட்டீங்களா?"

நான் அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். போனால் திரும்ப மாட்டாள், தடுக்க இருந்த ஒரே ஆளும் இல்லை, சாவு வீட்டுக்கு வந்த சொந்தங்களை வைத்தே தாலியைக் கட்டிவிடுவார்கள் என்று அக்காவின் காதில் சொன்னேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு அவளைக் காரில் ஏற்றினார். "அந்த மனுசன் முகத்த அவ பாக்கணும்டி. பாக்க விடாமப் பிடிச்சு வச்சா அப்புறம் பரீச்சை எழுதி என்னத்துக்கு?" என்றார். தானும் கூட வருவதாகச் சொன்னார். "வேண்டாமுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் காரைக் கிளப்பச் சொன்னார் அவள் அப்பா. அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அக்கா யாரோடும் சண்டை போடவில்லை. எந்த மாமன் என்றும் கேட்கவில்லை. வருகிறவர்களை எல்லாம் பேசாமல் உள்ளே விட்டார். முதல்வரிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லி, தன்னை வேலையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். முதல்வர் எடுக்கவில்லை. நான் என் பங்குக்கு, நீங்கள்தான் அவளை அனுப்பினீர்கள் என்று ஒருநாள் மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் கத்தினேன். அக்கா மோர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அனுப்பியது சரியா தப்பா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அந்த இடத்தில் நின்றாலும் உங்களுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் அந்தக் கார் மறுபடி வந்து நின்றது. துளசிமணி இறங்கினாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள். கழுத்தைப் பார்த்தேன், தாலி இல்லை. என்னைக் கடந்து மாடிக்குப் போனாள். அக்கா எங்கிருந்தோ ஓடிவந்து அவள் பின்னாலேயே ஏறினார்.

அவள் அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றேன். தலையை அசைத்து மறுத்தார்.

"பரீச்ச எழுதட்டுமுங்க. அந்தக் கல்யாணப் பேச்ச உட்டாச்சு. எங்கக்காகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அன்னைக்கு நாங்க…" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க அழுதாள்னு பொய் சொன்னீங்க. அதொண்ணும் தப்பில்லீங். நாந்தான் என்ற கண்ணுல பாத்துட்டேனே. நாஞ் செத்துட்டேன்னு கேட்ட பொறவுதான் எம்புள்ளைக்குச் சோறு எறங்கியிருக்குது."

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரில் ஏறப்போனவர் திரும்பி வந்தார்.

"ஊட்டுக்கு வந்ததுலிருந்து அவ ஒரு வாய் திங்கலீங்க. பச்சத்தண்ணிதான். அவிங்கம்மா கெஞ்சிப் பாத்துட்டா. இங்கயாச்சும் சாப்புடறாளான்னு கொஞ்சம் பாத்துக்குங்க. நா சொன்னேன்னு மட்டும் அவகிட்டச் சொல்ல வேண்டாமுங்க, சொன்னா எந்திரிச்சுப் போயிருவா."